இரண்டு பக்க டிவிடி தேடிய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னைப் போலவே பென்ஷன்காரர். "சார், ரெண்டு பக்கமும் எழுதற மாதிரி பிளாங்க் டிவிடி எங்க கிடைக்கும்? நீங்க ஒரு காலத்துல ரிச்சி தெரு முழுக்கத் தேடினீங்களே, வாங்கினீங்களா?" என்று கேட்டார். கல்யாண வீடியோ, பேரன் பேத்தி படங்கள் என்று அவர் கம்ப்யூட்டர் நிரம்பி வழிகிறதாம். ஒரே தட்டில் இரண்டு மடங்கு ஏற்றலாமே என்பது அவர் கணக்கு.

"தேடாதீங்க சார்" என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணன் 1981-ல் மஸ்கட் போனார். அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், கடிதம் எழுத வராது. அப்பா எழுதும் கடிதத்தில் "அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான் அம்மாவின் பங்கு.

அண்ணன் முதல் லீவில் வந்தபோது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். "இனிமே நீ பேசி அனுப்பும்மா" என்றார். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பல வீடுகளில் அப்போது இது வழக்கம். கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து பதில் கேசட் வரும்.

பட்டனை அழுத்துவது என் வேலை. 60 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிஷம். முதலில் கூச்சப்பட்டவள் இரண்டாவது கேசட்டிலேயே சரளமாகிவிட்டாள். யார் வீட்டில் கல்யாணம், எந்த மாடு கன்று போட்டது, ஆற்றில் தண்ணீர் வந்ததா, மருமகளுக்கு என்ன மாதம், எல்லாம் வரும். பக்கம் முடிகிற நேரத்தில் நான் கையைக் காட்டுவேன். "பெரியவனே, இந்தப் பக்கம் முடியப் போவுது போல. உன் தம்பி கையக் காட்டுறான். திருப்பிப் போட்டுட்டுப் பேசுறேன், இரு" என்பாள். பிறகு டக்கென்று ஒரு சத்தம். 1989-ல் அம்மா போகும் வரை இப்படி 14 கேசட்.

அண்ணன் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். 2010-ல் அவரும் போன பிறகு, அண்ணி ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதை என்னால கேக்க முடியாது. நீங்க வச்சுக்குங்க" என்றார்.

சில கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டில் நாடாவை அழுத்துகிற அந்தச் சின்னப் பஞ்சு விழுந்திருந்தது. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டிலிருந்து பஞ்சைப் பிடுங்கி ஒட்டினேன். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவை இளக்கினேன். கேசட் டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். 14 கேசட்டுக்கு 14 மணி நேரம். ஓட ஓடத்தான் ஏறும், குறுக்கு வழி கிடையாது.

சுருக்காத ஒலி என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 10.5 எம்பி. ஒரு கேசட் ஏறக்குறைய 635 எம்பி. 14 கேசட்டும் சேர்ந்து 8.9 ஜிபி. சாதாரண டிவிடி 4.7 ஜிபி, ஏழு கேசட்தான் கொள்ளும். ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்கு உள்ள டபுள் லேயர் டிவிடி 8.5 ஜிபி, 13 கேசட்டோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் எழுதக்கூடிய டபுள் சைடு டிவிடி 9.4 ஜிபி, பக்கத்துக்கு ஏழு வீதம் 14 கேசட். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அம்மா முழுசாக ஒரே தட்டில்! அண்ணிக்கு ஒன்று, தங்கைகள் இருவருக்கும் ஒவ்வொன்று, எனக்கு ஒன்று. இந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

2011-ல் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை வந்து இறங்கி, ரிச்சி தெருவுக்கு நாலைந்து தடவை நடந்திருப்பேன். அப்போது பிளாங்க் சிடியும் டிவிடியும் அங்கே 50, 100 என்று டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும்.

"டபுள் சைடா? அது டபுள் லேயர் சார். இந்தாங்க."

"லேயர் வேற, சைடு வேற தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

ஒன்றில்லை. டபுள் லேயர் என்பது மாடி வீடு. வாசல் ஒன்றுதான். லேசர் ஒளி ஒரே பக்கத்திலிருந்து முதல் அடுக்கைப் படித்துவிட்டு, அதை ஊடுருவி இரண்டாவது அடுக்குக்குப் போகும். டபுள் சைடு என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடு. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வழியில்லை. வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும், அம்மா கேசட்டைப் போல.

கடைசியாக ஒரு சின்னக் கடையில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது சரி சார், ரெண்டு பக்கமும் எழுதிட்டா பேரை எங்க எழுதுவீங்க?" என்றார். வியாபாரம் செய்யத் தெரியாதவர் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ரிச்சி தெருவில் என்னிடம் சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

தங்கை மகன் சிங்கப்பூரில் இருந்தான். "மாமா, இங்க கிடைச்சுது" என்று ஐந்து தட்டு உள்ள ஒரு பெட்டியை வாங்கி வந்தான். ஒன்று எழுதும்போதே வீணாயிற்று. மீதி நாலும் நன்றாக எழுதின. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் மட்டும்தான் பேனா வைக்க இடம். அதில் எறும்பு ஊர்ந்தது போல "அம்மா 1-7" என்று ஒரு பக்கமும் "அம்மா 8-14" என்று மறுபக்கமும் எழுதினேன். எல்லாருக்கும் அனுப்பினேன். கேசட்டுகள் அடுத்த போகிக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போயின. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, இனி எதற்கு இந்தக் குப்பை என்று நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்துக் கோயம்புத்தூர் தங்கை கேட்டாள்: "அண்ணே, அம்மா பேசுனது ஏழு கேசட்தானா? நெறைய இருந்த மாதிரி ஞாபகம்." தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. எறும்பு எழுத்து அவள் கண்ணில் படவே இல்லை. அப்போது சிரித்தோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி என்ன பாடுபட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு தரைத்தளம். கம்ப்யூட்டர் இருந்த மேசையே மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தை, பிரிட்ஜ், புத்தகம் எல்லாம் தெருவோரம் குவிந்த குப்பையில் அதுவும் சேர்ந்தது. நாலு வீட்டில் நாலு தட்டு இருக்கிறதே என்று நான் கவலைப்படவில்லை.

2019-ல் அம்மா போய் முப்பதாவது வருஷம். எல்லாரும் ஊரில் கூடி அவள் பேச்சைக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் நாள் ராத்திரி என் தட்டைப் போட்டுப் பார்த்தேன். ஆறு கேசட் ஓடியது, ஏழாவது பாதியில் நின்றது. திருப்பிப் போட்டேன். பதினான்காவது திறக்கவே இல்லை. அண்ணி டிவி மேல் வைத்திருந்த தட்டில் இரண்டு பக்கமும் கீறல். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்து உள்ள பக்கத்தைக் கீழே வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். இந்தத் தட்டில் எப்படிக் கீழே வைத்தாலும் முகம்தான் தரையில் தேய்கிறது. தங்கைகளின் தட்டுகளில் கீறலே இல்லை. ஆனாலும் வெளி விளிம்பு படிக்கவில்லை.

சென்னை திரும்பியதும் எங்கள் அடுக்ககத்தில் சவுண்ட் இன்ஜினியராக வேலை பார்க்கும் ஒரு பையனிடம் நாலு தட்டையும் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்தான். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொரு டிரைவில் படிக்குமாம். நாலைந்து பழைய டிரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டு, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று ஒட்டுப்போட்டுக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தான். பதினான்காவது கேசட்டின் கடைசி 11 நிமிஷம் மட்டும் எதிலிருந்தும் வரவில்லை.

அது ஏன் அந்த இடம் என்று அவன்தான் விளக்கினான். டிவிடியில் எழுதுவது நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். நம் கைபடுவது, தூசு படிவது, வளைவது, ஒட்டின பசை விட்டுக் காற்றும் ஈரமும் நுழைவது எல்லாம் முதலில் விளிம்பில்தான். நான் தட்டை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். கடைசியில் இருந்தது கடைசிக் கேசட். 1989-ல் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதம் பேசியது.

அவன் இன்னொன்றும் சொன்னான். "அங்கிள், இது மோனோ ரெக்கார்டிங். ஒரே மைக், ஒரே ஸ்பீக்கர். நீங்க ஸ்டீரியோவா ஏத்தியிருக்கீங்க. வலது பக்கம் என்ன இருக்கோ அதேதான் இடது பக்கமும். ஒரு சேனல் போதும்."

ஒரு சேனல் என்றால் அளவு சரிபாதி. 8.9 ஜிபி இல்லை, 4.45 ஜிபி. பதினாலு கேசட்டும் தெருமுனைக் கடையில் அன்றைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு விற்ற சாதாரணத் தட்டின் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கும். நான் ரிச்சி தெருவில் நாலைந்து நாள் நடந்தது, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது எல்லாம் ஒரே குரலை இரண்டு தடவை எழுதி வைக்க.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

இரண்டு பக்கத் தட்டைத் தேடுகிறவர்கள் இடம் போதவில்லை என்று தேடுகிறார்கள். நம் மாதிரி வீடுகளுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. வைத்தது நிலைக்குமா என்பதுதான் பிரச்சினை. அதற்கு இரண்டு பக்கத் தட்டு எந்த உதவியும் செய்யாது, கெடுதல்தான் செய்யும். பெயர் எழுத இடமில்லை. வைக்கப் பாதுகாப்பான பக்கமில்லை. ஒரு தட்டு போனால் இரண்டு தட்டுக்கு உள்ளது போகிறது. டிவிடி-ராம் என்று ஒரு வகை இருந்தது. அதில் இரண்டு பக்கமும் எழுதும் 9.4 ஜிபி தட்டைக் கைரேகையும் தூசும் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே விற்றார்கள். செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடு இல்லாமல் டிவி மேல் வைத்தவர்கள் நாம்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. நாலு வீட்டில் நாலு பிரதி என்று நிம்மதியாக இருந்தேன். நாலும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே கம்ப்யூட்டரில் எழுதியவை. ஒன்றுக்கு வரும் வியாதி நாலுக்கும் வரும், ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். எண்ணிக்கையில்தான் நாலு.

இன்னும் பலர் வீட்டில் சிடியும் டிவிடியும் அலமாரி நிறைய இருக்கும். அவர்களுக்காகச் சில விஷயங்கள். சிடியில் விவரம் எழுதப்பட்டிருப்பது கீழே பளபளக்கும் பக்கத்துக்கு அருகில் இல்லை, பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு அடியில், மெல்லிய ஒரு பூச்சுக்குக் கீழே. அதனால் பால்பாயின்ட் பேனாவால் மேலே அழுத்தி எழுதினால் போயிற்று. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது, கொஞ்சம் தேவலை. நாமாக எழுதும் தட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு வகைச் சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2003-ல் வெளியிட்ட கையேடு, தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கவும், குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வைக்கவும், காகித லேபிள் ஒட்டாமல் தண்ணீர் மை மார்க்கரால் எழுதவும் சொல்கிறது.

கற்போல் கெட்டியான அடுக்கு வைத்த எம்-டிஸ்க் என்று ஒன்று உண்டு. ஆயிரம் வருஷம் தாங்கும் என்று அதைக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். சரிபார்க்க நான் இருக்கப் போவதில்லை. தட்டு தாங்கினாலும் படிக்கிற டிரைவ் இருக்க வேண்டுமே? புது லேப்டாப்புகளில் அந்தத் தட்டு இழுப்பறையே கிடையாது. வீட்டுக்கு வீடு தட்டு விற்ற மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. பிளாப்பிக்கு வந்த காலம் தட்டுக்கும் வந்துவிட்டது.

"அப்போ கூகுள்ல போட்டுட வேண்டியதுதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். நமக்குப் பிறகு அந்தக் கணக்கை யார் திறப்பார்கள்? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? பென்டிரைவும் பரணில் பத்து வருஷம் கிடந்தால் நம்ப முடியாது.

எந்தப் பொருளையும் நம்பாதே என்பதுதான் நான் கற்றது. நான் இப்போது செய்வது இதுதான். ஒரு ஹார்டு டிஸ்க் என் வீட்டில், வேறு கம்பெனியின் இன்னொரு ஹார்டு டிஸ்க் கோயம்புத்தூர்த் தங்கை வீட்டில், கூகுளில் ஒரு பிரதி. அதன் பாஸ்வேர்டு பேங்க் பாஸ்புக்கோடு ஒரு காகிதத்தில் இருக்கிறது. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாற்றுவது. பழைய மூலம் எதுவானாலும், கேசட்டோ போட்டோ நெகடிவோ, தூக்கி எறியாமல் இருப்பது. போகி வரும் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுக் கேட்பது. 2011-லிருந்து 2019 வரை நாங்கள் நாலு பேரும் அந்தத் தட்டை முழுசாக ஒரு தடவை கேட்டிருந்தால், கெட ஆரம்பித்தது அப்போதே தெரிந்திருக்கும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே யாரும் கேட்கவில்லை. இப்போது அம்மா திதியன்று சாப்பாடு முடிந்ததும் இரண்டு கேசட் கேட்கிறோம். ஏழு வருஷத்தில் ஒரு சுற்று. மீதியைச் சும்மா ஓட்டிப் பார்த்து வைப்போம்.

போன வருஷம் பதினான்காவதின் முறை வந்தது. முதல் பக்கம் முழுசாக இருக்கிறது. "திருப்பிப் போட்டுட்டுப் பேசுறேன், இரு" என்கிறாள். திருப்பிப் போட்ட சத்தம் கேட்கிறது. மேலும் 19 நிமிஷம் பேசுகிறாள். கொல்லையில் முருங்கை ஒடிந்ததைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது.

அன்று பட்டனை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். அந்த 11 நிமிஷத்தில் என்ன பேசினாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நண்பரே, இரண்டு பக்கத் தட்டு வேண்டாம். சாதாரணமான ஒன்றில் எழுதி, வேறு விதமான இன்னொன்றிலும் எழுதி, வேறு வீட்டில் ஒன்றை வையுங்கள். பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அடிக்கடி போட்டுப் பாருங்கள்.